எம்.ஜே.எம். லாபிர்: இலங்கையின் முதல் உலக சம்பியனை மறந்துவிட்டோமா?

இலங்கைக்கு முதன்முதலில் உலக சம்பியன் பட்டத்தைக் கொண்டு வந்தவர் யார் என்று இன்றைய இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் 1996ஐத்தான் சொல்வார்கள். அந்த வருடம் மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வீழ்த்தி அர்ஜுன ரணதுங்கவின் அணி உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த இரவை எவரும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு 23 வருடங்களுக்கு முன்னரே இந்நாட்டின் பிரஜை ஒருவர் உலக சம்பியனாகியிருந்தார். அவர் தனியாகப் போய்த் தனியாக வென்று வந்தவர். ஆட்டம் பில்லியர்ட்ஸ். இடம் பம்பாய். ஆண்டு 1973. பெயர் முஹம்மத் ஜுனைத் முஹம்மத் லாபிர். பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் அவர் எம்.ஜே.எம். லாபிர்.

லாபிர் 1930 மே 27ஆம் திகதி பிறந்தவர். 1981 ஏப்ரல் 26ஆம் திகதி வபாத்தானார். ஐம்பத்தொரு வயதை எட்ட இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவர் மறைந்து நாற்பது வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் அவரைப் பற்றிய நினைவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதை எழுத என்னைத் தூண்டியது அந்தக் கவலைதான்.

1948ஆம் ஆண்டை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். அந்த வருடம் பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீற்றர் தடை தாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்று இந்நாட்டின் பெயரை உலகுக்குச் சொன்னார். அதே வருடம்தான் லாபிர் தேசிய ஸ்னூக்கர் சம்பியன் பட்டத்தை முதன்முதலாக வென்றார். அப்போது அவருக்கு வயது 18. டங்கன் வைட்டின் பெயர் பாடப் புத்தகங்களில் ஏறியது. லாபிரின் பெயர் ஸ்னூக்கர் மேசையைச் சுற்றி நின்றவர்களின் வாயில் மட்டும் இருந்தது. அதன் பின்னர் பல தடவைகள் தேசியப் பட்டங்களை வென்றார். அவருடைய காலத்தில் அவருக்குச் சவாலாக நின்றவர்களில் என்.ஜே. ரஹீமும் ஒருவர். அன்றைய சம்பியன் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் அதில் முஸ்லிம் பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்பது கண்ணில் படும்.

இது எப்படி நடந்தது என்று நான் யோசித்ததுண்டு. பில்லியர்ட்ஸ் வெள்ளைக்காரன் கொண்டு வந்த விளையாட்டு. தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் மாலையில் தங்கள் கிளப்புகளில் கூடி ஆடியது. பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், பச்சைத் துணிக்குக் கீழே கனத்த கற்பலகை. வீட்டில் வாங்கி வைக்கக் கூடிய பொருளல்ல அது. கிரிக்கெட்டுக்கு ஒரு தென்னை மட்டை போதும், உதைபந்துக்கு ஒரு வெற்றுக் காணி போதும். பில்லியர்ட்ஸுக்கு ஒரு மேசை வேண்டும், அந்த மேசை இருக்கும் அறைக்குள் நுழைய அனுமதி வேண்டும், அதற்கு மேல் பல வருடப் பொறுமை வேண்டும். கதவு திறந்த பிறகு நம்மவர்கள் அந்தப் பொறுமையில் யாருக்கும் பின்னிற்கவில்லை.

இந்த ஆட்டத்தைத் தெரியாத தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதை விளக்காமல் லாபிர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல முடியாது. நம் ஊர்களில் கரம் தெரியாத பிள்ளை இல்லை. நோன்பு கால இரவுகளில் சந்திக்குச் சந்தி பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டு ஆடுவோமே, அந்தக் கரம் பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பூல், ஸ்னூக்கர் ஆடும் இளைஞர்கள் மேசை நிறையப் பந்துகளைப் பார்த்துப் பழகியவர்கள். பில்லியர்ட்ஸில் மொத்தம் மூன்று பந்துகள் மட்டுமே. ஆடுபவருக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று, சிவப்பு ஒன்று. பொக்கெட்டுகள் ஆறு. சிவப்பைப் பொக்கெட்டில் போட்டால் 3 புள்ளிகள். எதிராளியின் பந்தைப் போட்டால் 2. தன் பந்தால் மற்ற இரண்டு பந்துகளையும் அடுத்தடுத்துத் தொட்டால் 2, இதைக் கெனன் என்பார்கள். தன் பந்து மற்றொன்றில் பட்டுத் தானே பொக்கெட்டில் விழுந்தாலும் புள்ளி உண்டு. சிவப்பில் பட்டு விழுந்தால் 3, வெள்ளையில் பட்டு விழுந்தால் 2. கரத்தில் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் தண்டம். இங்கே அதுவே ஒரு கலை.

புள்ளி எடுத்தால் தொடர்ந்து ஆடலாம். தவறினால் எழுந்து போய்க் கதிரையில் உட்கார வேண்டியதுதான். எதிராளி தவறும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணித்தியாலமாகவும் இருக்கலாம். ஒருவர் தவறாமல் தொடர்ச்சியாகச் சேர்க்கும் புள்ளிகளின் கூட்டுத்தொகையைத்தான் பிரேக் என்கிறோம்.

பந்தைப் பொக்கெட்டில் போடுவது இதில் பெரிய விடயமே அல்ல. அதைச் சாதாரண ஆட்டக்காரரும் செய்வார். போட்ட பிறகு மூன்று பந்துகளும் எங்கே வந்து நிற்கின்றன என்பதுதான் கேள்வி. அடுத்த அடிக்கு மட்டுமல்ல, அதற்கடுத்த அடிக்கும் அவை கைக்கு எட்டும் இடத்தில் நிற்க வேண்டும். அதனால் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டத்தில் ஆரவாரம் இருக்காது. பலமான அடி இருக்காது. பந்துகள் மேசையின் மேற்பகுதியில், ஒரு சாப்பாட்டுச் சஹனுக்குள் அடங்கும் அளவு இடத்தில், மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு இது சுலபம் போலத் தோன்றும். தோன்ற வைப்பதுதான் கஷ்டம்.

லாபிர் உலகப் பட்டம் வென்ற போட்டியில் ஒரு நிபந்தனையும் இருந்தது. சிவப்புப் பந்தை அதன் புள்ளியிலிருந்து தொடர்ந்து இரண்டு தடவைதான் போடலாம். இடையில் வேறு விதமாகப் புள்ளி எடுக்காவிட்டால், சிவப்பை மேசையின் நடுவுக்குக் கொண்டு போய் வைத்துவிடுவார்கள். சேர்த்து வைத்த ஒழுங்கெல்லாம் குலைந்து போகும். ஆகவே இரண்டு தடவை சிவப்பு, பிறகு ஒரு கெனன், மறுபடி இரண்டு தடவை சிவப்பு என்று போக வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 புள்ளிகள்.

அந்த நிபந்தனையின் கீழ் பம்பாயில் லாபிர் எடுத்த ஒரு பிரேக் 859. கணக்குத் தெரிந்தவர்கள் வகுத்துப் பாருங்கள். சுற்றுக்கு 8 என்று வைத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள். முந்நூறுக்கும் மேற்பட்ட அடிகள். அத்தனை அடிகளிலும் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு முடியளவு தடித்துப் பட்டிருந்தாலும், மெலிந்து பட்டிருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும். முந்நூறு தடவை மூச்சை அடக்கி, கையை அடக்கி, அவசரத்தை அடக்கி ஆடிய ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். அதுவும் சொந்த ஊரில் அல்ல, இந்திய ரசிகர்கள் சூழ்ந்திருந்த மண்டபத்தில்.

யாரோடு மோதினார் என்பதையும் சொல்ல வேண்டும். பில்லியர்ட்ஸில் அன்று இந்தியா ஒரு வல்லரசு. வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவிலும் 1964இல் நியூசிலாந்திலும் உலகப் பட்டம் வென்று அந்த நாட்டுக்கு வழி காட்டியிருந்தார். அவரது அடிச்சுவட்டில் வந்தவர் மைக்கல் பெரேரா. பம்பாய்க்காரர். உலகப் போட்டியில் ஏற்கனவே இரண்டாம் இடம் வரை வந்தவர். பின்னாளில் 1977, 1981, 1983 ஆகிய வருடங்களில் உலக சம்பியனானவர். சதீஷ் மோகன் இன்னொருவர். 1973இல் போட்டி நடந்தது இவர்களின் மண்ணில். இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் மாறி மாறி எடுத்துச் சென்ற பட்டம் அது. அங்கே சென்ற லாபிர் சம்பியனானார். சதீஷ் மோகன் இரண்டாம் இடத்தைப் பெற்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்றவர்களில் வில்சன் ஜோன்ஸுக்கு அடுத்தவர் எமது லாபிர்தான்.

அப்போது அவருக்கு வயது 43. முதல் தேசியப் பட்டத்துக்கும் உலகப் பட்டத்துக்கும் இடையில் 25 வருடங்கள். இன்று இரண்டு போட்டியில் தோற்றால் ஒருவரை ஓரம் கட்டிவிடுகிறோம். ஒரு தவணைப் பரீட்சையில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து இது தேறாது என்று முடிவு கட்டுகிறோம். 18 வயதில் நாட்டின் சம்பியனான ஒருவர், அத்தோடு திருப்திப்படாமல், இருபத்தைந்து வருடங்கள் அதே மேசைக்கு முன்னால் குனிந்து நின்றிருக்கிறார். அதுவும் இது அமெச்சூர் போட்டி. கோடிக்கணக்கில் பரிசுப் பணம் கிடையாது, விளம்பர ஒப்பந்தம் கிடையாது. வென்றாலும் தோற்றாலும் வீட்டு அடுப்பு வேறு உழைப்பில்தான் எரிய வேண்டும்.

நாடு அப்போது இருந்த நிலையையும் மறக்கக் கூடாது. 1973 எங்கள் வயதுக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் பாண் வரிசையில் நின்ற காலம். அரிசிக்குத் தட்டுப்பாடு. மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் பகல் சாப்பாடாக இருந்த வீடுகள் ஏராளம். வெளிநாட்டுச் செலாவணி இல்லாததால் ஒரு நல்ல பேனையைக் கூட வாங்க முடியாத காலம். அந்தக் காலத்தில்தான் இந்தச் செய்தி வந்தது. நான் அப்போது பாடசாலை மாணவன். வாப்பா மருதானையில் முடி வெட்டும் சலூனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பத்திரிகை ஒன்று பத்துக் கைகள் மாறும். லாபிரின் பெயரை நான் முதலில் கேட்டது அங்கேதான். அரசியலைப் பற்றி மாத்திரமே சண்டை பிடிக்கும் பெரியவர்கள் அன்று ஒரு விளையாட்டுக்காரரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். முடி வெட்டியவர் சிங்களவர், காத்திருந்தவர்களில் தமிழரும் இருந்தார், முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களில் எவரும் அவர் எந்த இனத்தவர் என்று பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நம்முடைய ஆள் என்றுதான் பேசினார்கள்.

பிறகு ஏன் மறந்தோம்? இதற்கு யாரையும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. காரணங்கள் பல இருக்கின்றன.

முதலாவது, 1973இல் இந்நாட்டில் தொலைக்காட்சி கிடையாது. தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமானதே 1979இல்தான். ரூபவாஹினி வந்தது 1982இல். அதற்கு முந்திய வருடமே லாபிர் போய்விட்டார். 1996ஐ நாம் மறக்காததற்குக் காரணம் வெற்றி மட்டுமல்ல. அரவிந்தவின் அடிகளை நூறு தடவை திரையில் பார்த்திருக்கிறோம். லாபிர் குனிந்து நின்று ஒரு பந்தைத் தொட்டு விடுவதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. வானொலியிலும் பத்திரிகையிலும் வந்த செய்தி அடுத்த வாரம் சாமான் சுற்றும் கடதாசியாகிவிட்டது.

இரண்டாவது, அந்த விளையாட்டே பின்னுக்குப் போய்விட்டது. பல நிறப் பந்துகள் கொண்ட ஸ்னூக்கர் வர்ணத் தொலைக்காட்சிக்குப் பொருந்தி வந்தது. மூன்று பந்துகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல நகர்த்தும் ஆட்டத்துக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை. இங்கே கிரிக்கெட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. லாபிர் மறைந்தது 1981 ஏப்ரலில். அதே வருடம் ஜூலையில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. அதன் பின் நாட்டின் கண்ணும் காதும் பணமும் ஒரே மைதானத்தை நோக்கித் திரும்பிவிட்டன.

மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அது எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. பில்லியர்ட்ஸ் அறை என்றாலே பெரியவர்களின் முகம் சுருங்கும். சிகரெட் புகை, பந்தயக் காசு, வேலை வெட்டி இல்லாதவர்கள் கூடும் இடம் என்றொரு பெயர். எனது வாப்பாவும் லாபிரின் வெற்றியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார், ஆனால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றும் சொல்லி வைத்தார். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பந்தயத்தில் உழைப்பைத் தொலைத்த மனிதர்களை அவர் கண்டிருந்தார். சூது ஹராம் என்பதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தக் குற்றம் பந்தயத்தில் இருக்கிறது. மேசையிலோ கோலிலோ அதைக் கொண்டு போய் ஒட்ட முடியாது. கிரிக்கெட்டிலும் பந்தயம் கட்டுகிறார்கள், குதிரையிலும் கட்டுகிறார்கள், தேர்தலிலும் கட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளைக் கிரிக்கெட் விளையாட வேண்டாம் என்று யாரும் தடுப்பதில்லையே. ஒரு துறையில் உலகின் உச்சியைத் தொட்ட ஒருவரைப் பெருமையோடு நினைத்துக்கொண்டே, அந்தத் துறையை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். அவருடைய பெயரும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

நான் ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில் பொது அறிவுப் போட்டிகளுக்கு வினாக்கள் தயாரிப்பதுண்டு. ஒரு தடவை லாபிர் பற்றிய வினாவைச் சேர்த்தேன். கலந்துகொண்ட எந்தப் பிள்ளையும் விடை சொல்லவில்லை. அது அவர்களின் தவறல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் பதக்கம் வென்றதை அவர்கள் சரியாகச் சொன்னார்கள். டங்கன் வைட்டைச் சொன்னார்கள். முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த வரிசையில் லாபிர் மட்டும் விடுபட்டுப் போனார்.

இந்தியா தன் முன்னோடியை எப்படி வைத்துக்கொண்டது என்பதோடு ஒப்பிட்டால் மனம் கனக்கிறது. வில்சன் ஜோன்ஸுக்கு 1963இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 1965இல் பத்மஸ்ரீ. ஆடுவதை நிறுத்திய பின் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்காக 1996இல் துரோணாச்சாரியா விருதும் கொடுத்தார்கள். ஜோன்ஸுக்குப் பின் பெரேரா, பெரேராவுக்குப் பின் கீத் சேத்தி, அவருக்குப் பின் பங்கஜ் அத்வானி என்று அந்தச் சங்கிலி அறாமல் இன்று வரை நீள்கிறது. எமது நாட்டிலும் ஆர்வம் இல்லாமல் இல்லை. 1967இல் உலக பில்லியர்ட்ஸ் போட்டி கொழும்பில் நடந்தது. இங்கிலாந்தின் லெஸ்லி டிரிபீல்ட் வென்றார். 1979இலும் கொழும்பில் நடந்தது. அப்போது வென்றவர் போல் மிப்சுட். அவர் மோல்டா என்ற, எமது ஒரு மாவட்டத்தை விடவும் சிறிய தீவைச் சேர்ந்தவர். சிறிய நாட்டுக்காரரால் முடியாது என்று இந்த விளையாட்டில் யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் லாபிருக்குப் பின் அந்த உலகப் பட்டம் இலங்கைக்குத் திரும்பி வரவில்லை.

இங்கே இன்னொரு விடயத்தையும் பேச வேண்டும். அண்மைய வருடங்களில் எம் சமூகத்தின் மீது சந்தேகப் பார்வை விழும்போதெல்லாம், நாட்டுக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பு என்று ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். தேசியத் தலைவர்கள், அறிஞர்கள், வைத்தியர்கள் என்று பெயர்களை அடுக்குகிறோம். அந்தப் பட்டியலில் லாபிரின் பெயரும் சில நேரம் ஒரு வரியாக வரும். அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகிறோம். நீதிமன்றத்தில் சாட்சியைக் கூப்பிட்டுவிட்டு அனுப்பி வைப்பது போல. எனக்கு அது பிடிக்கவில்லை. எமது விசுவாசத்தை நிரூபிப்பதற்காக லாபிர் ஆடவில்லை. அவர் ஆட்டத்தை நேசித்து ஆடினார், வென்றார், வென்றபோது முழு நாடும் வென்றது. அவரை நாம் நினைவுகூர்வதானால் அவர் செய்ததைத் தெரிந்துகொண்டு நினைவுகூர வேண்டும். 859 என்றால் என்ன என்று தெரிந்த ஒரு பிள்ளைக்கு, பட்டியலில் இருக்கும் பெயரை மனப்பாடம் செய்த பத்துப் பிள்ளைகளை விட லாபிரைத் தெரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவருடைய வாழ்க்கையில் எடுத்துச் சொல்ல நிறைய இருக்கிறது. அவருக்கு ஓட்டம் வேண்டியிருக்கவில்லை, உடல் பருமனோ உயரமோ வேண்டியிருக்கவில்லை. நிதானம் வேண்டியிருந்தது. தவறிய பின் வாய் பேசாமல் கதிரையில் உட்காரும் பக்குவம் வேண்டியிருந்தது. தன் முறை வரும் வரை பொறுத்திருந்து, வந்ததும் பதறாமல் ஆடும் குணம் வேண்டியிருந்தது. ஸப்ரைப் பற்றி மேடையில் ஒரு மணித்தியாலம் பேசுகிறோம். அதைக் கையால் செய்து காட்டிய ஒருவரின் கதை எங்களிடமே இருக்கிறது.

செய்யக் கூடிய காரியங்கள் பெரியவையல்ல. 1973ஆம் ஆண்டின் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்தில் ஊடகமோ வரலாறோ படிக்கும் எம் பிள்ளைகளில் ஒருவர் சில நாட்கள் அங்கே உட்கார்ந்தால் பம்பாய்ப் போட்டியின் ஒவ்வொரு நாள் செய்தியையும் தேடி எடுத்துவிடலாம். பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகளில் இல்லங்களுக்குப் பெயர் வைக்கிறோம், கிண்ணங்களுக்குப் பெயர் வைக்கிறோம். எம் பகுதி விளையாட்டுக் கழகங்கள் வருடாந்தம் நடத்தும் கரம் சுற்றுப்போட்டிக்கு லாபிரின் பெயரை வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பெயரோடு அவர் யார் என்ற நான்கு வரிக் குறிப்பையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் வயதான வாப்பாவோ அப்பாவோ பெரியப்பாவோ இருந்தால், லாபிர் ஆடுவதை அவர் பார்த்திருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். பார்த்திருந்தால் கையிலுள்ள தொலைபேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எந்த இடத்தில் பார்த்தார், லாபிர் எப்படி நின்றார், கோலை எப்படிப் பிடித்தார், தோற்றபோது என்ன செய்தார் என்று கேளுங்கள். இவை எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது. அந்தப் பெரியவர்களின் கண்களில் மட்டும்தான் இருக்கும். அந்தக் கண்கள் எமக்காக நெடுநாள் காத்திருக்க மாட்டா.

மர்ஹூம் லாபிரின் பிழைகளை வல்ல அல்லாஹ் மன்னித்து, அன்னாருக்கு ஜன்னதுல் பிர்தௌஸை வழங்குவானாக.